ஒன்பது பேர், ஒரே அடுப்பு: வாசகர் கேள்வி–பதில்

மதுரை காமராசர் பல்கலைக்கழகத்தை ஒட்டி நாகமலை புதுக்கோட்டை, வடபழஞ்சி, அச்சம்பத்து பக்கம் மாணவர்கள் சேர்ந்து வீடு எடுத்து, தாங்களே சமைத்து, செலவைப் பங்கு போட்டு இருப்பது பற்றி வந்த கேள்விகளுக்கு இந்த இதழில் பதில் சொல்கிறோம். ஒரே விஷயத்தைக் கேட்ட கடிதங்களை ஒன்றாகச் சேர்த்திருக்கிறோம்.

கேள்வி: நாங்கள் எட்டுப் பேர் ஜூன் மாதம் தனி வீடு எடுக்கப் போகிறோம். வீடு பார்க்கும்போது எதை முதலில் பார்க்க வேண்டும்? போகிற இடத்திலெல்லாம் பேச்சு வாடகையிலேயே நின்றுவிடுகிறது.
முதுகலை மாணவர், நாகமலை புதுக்கோட்டை

முதலில் கக்கூஸ், குளியலறை. காலை ஏழரைக்கும் எட்டரைக்கும் நடுவில் எட்டுப் பேரும் குளித்துக் கிளம்ப வேண்டும். ஆளுக்குப் பன்னிரண்டு நிமிடம் வைத்தாலும் ஒரே குளியலறையில் 96 நிமிடம் ஆகும். குளியலறையும் கக்கூஸும் தனித்தனியாக இருந்து, இரண்டிலும் இரண்டு இருந்தால் எட்டுப் பேருக்குத் தாராளம். இரண்டும் ஒன்றாகச் சேர்ந்த அறை ஒன்றே ஒன்று உள்ள வீட்டுக்கு ஐந்து பேருக்கு மேல் போகாதீர்கள். வாடகையில் மிச்சம் பிடித்தது முதல் செமஸ்டரிலேயே சண்டையில் போய்விடும்.

அடுத்தது தண்ணீர். நகரக் குடிநீர்த் திட்டங்களில் ஆளுக்கு நாளொன்றுக்கு 135 லிட்டர் என்று கணக்கு வைப்பார்கள். எட்டுப் பேருக்கு 1,080 லிட்டர் வருகிறது. மாடியில் இருக்கும் 1,000 லிட்டர் தொட்டி கீழ்வீட்டுக்கும் சேர்த்து என்றால், தினம் இரண்டு முறை மோட்டார் போட்டாக வேண்டும். மோட்டார் சுவிட்ச் யார் கையில் இருக்கிறது, அந்தக் கரண்ட் யார் மீட்டரில் ஓடுகிறது என்ற இரண்டையும் அட்வான்ஸ் கொடுக்கும் முன்பே கேட்டுவிடுங்கள்.

மேல்தளம் மொட்டை மாடிக்கு நேர் கீழே இருந்தால், ஏப்ரல், மே மாதங்களில் இரவு பதினொரு மணி வரைக்கும் கூரை சூடு இறங்காது. தட்டோடு பதித்த கூரையா, வெறும் காங்கிரீட்டா என்று ஏறிப் பாருங்கள். வீட்டைப் பகலில் ஒரு முறை, இரவு எட்டு மணிக்கு மேல் ஒரு முறை என இரண்டு தடவை பார்ப்பது நல்லது. தேனி ரோட்டில் பஸ்ஸை விட்டு இறங்கி வீடு வரைக்கும் தெருவிளக்கு எரிகிறதா என்பது இரவில் போனால்தான் தெரியும்.

ஒப்பந்தத்தில் எட்டுப் பேர் பெயரும் வர வேண்டும். 2019 பிப்ரவரி 22 முதல் நடைமுறையில் இருக்கும் தமிழ்நாட்டின் புதிய வாடகைச் சட்டப்படி (2017-ல் இயற்றப்பட்டது) வாடகை ஒப்பந்தம் எழுத்தில் இருக்க வேண்டும். வாடகை அதிகாரியிடம் பதிவும் செய்ய வேண்டும். உரிமையாளரின் எழுத்துபூர்வ சம்மதம் இல்லாமல் உள்வாடகை விடக் கூடாது. ஒருவர் பெயரில் மட்டும் எழுதிக்கொண்டு மற்ற ஏழு பேர் அவரிடம் பணம் கொடுத்துத் தங்கினால், நாளைக்குப் பிரச்சினை வரும்போது அந்த ஏழு பேருக்கும் நிற்க இடம் இருக்காது. “ஒரு கையெழுத்துப் போதும் தம்பி” என்று வீட்டுக்காரர் சொன்னால், குடியிருப்போர் பட்டியல் என்று ஒரு தாளை இணைத்து அதில் எல்லாரும் கையெழுத்துப் போடுங்கள். ஆள் மாறும்போது அந்தத் தாளை மட்டும் மாற்றினால் போதும் என்று ஒப்பந்தத்திலேயே ஒரு வரி சேர்த்துவிடலாம்.

கேள்வி: ஹாஸ்டலில் இருப்பதுபோல், ஆன செலவைச் சாப்பிட்டவர்களே பங்கு போட்டுக்கொள்ளும் டிவைடிங் மெஸ் நடத்த நினைக்கிறோம். ஒன்பது பேரில் பாதிப் பேர் வெள்ளிக்கிழமை ஊருக்குப் போய்விடுவார்கள். மாதக் கடைசியில் யாருக்கும் மனக்கசப்பு வராமல் எப்படிப் பங்கு போடுவது?
ஆய்வு மாணவர், வடபழஞ்சி

செலவை முதலில் இரண்டாகப் பிரியுங்கள். வீட்டில் ஆள் இருந்தாலும் இல்லாவிட்டாலும் ஆகிற செலவு ஒரு பக்கம்: வாடகை, சமையல் ஆளோ பாத்திரம் விளக்கும் அக்காவோ இருந்தால் அவர்கள் சம்பளம், வைஃபை, துடைப்பம், பினாயில். இதை ஒன்பதால் வகுத்துச் சரிசமமாகப் போட வேண்டும். இன்னொரு பக்கம் சாப்பாட்டுச் செலவு. இதைச் சாப்பிட்ட நாளைக் கொண்டு வகுக்க வேண்டும். இரண்டையும் ஒரே குவியலாக்கி நாள் கணக்கில் வகுத்தால், பொங்கலுக்கு எல்லாரும் ஊருக்குப் போன மாதத்தில் ஊருக்குப் போகாமல் தீசிஸ் எழுதிக்கொண்டிருந்த இரண்டு பேர் தலையில் வீட்டுச் செலவு மொத்தமும் விழும்.

சாப்பாட்டுக் கணக்கை ஒரு உதாரணத்தோடு பார்ப்போம். மாதத் தொடக்கத்தில் கையிருப்பில் இருந்த அரிசி, பருப்பு, எண்ணெயின் மதிப்பு 2,400 ரூபாய். அந்த மாதம் வாங்கியது 21,300. மாதக் கடைசியில் மீதி இருக்கும் சரக்கு 1,900. அப்படியானால் சாப்பிட்டுத் தீர்ந்தது 2,400 + 21,300 − 1,900 = 21,800 ரூபாய். ஒன்பது பேரும் சேர்ந்து சாப்பிட்ட நாள்கள் 232. விருந்தாளிகள் சாப்பிட்டது 12 வேளை. மூன்று வேளை ஒரு நாள் என்று வைத்தால் 4 நாள். ஆக மொத்தம் 236. 21,800-ஐ 236-ஆல் வகுத்தால் ஒரு நாளைக்கு 92 ரூபாய் 37 காசு. 27 நாள் சாப்பிட்டவர் 2,494 ரூபாய் தர வேண்டும். விருந்தாளியின் கணக்கு அவரை அழைத்து வந்தவர் பெயரில் ஏறும்.

பெரும்பாலான வீடுகளில் தவறுவது மீதிச் சரக்கில்தான். அதைக் கழிக்காமல் வாங்கியதை மட்டும் வகுத்தால், மூட்டை வாங்கிய மாதம் கட்டணம் ஏறும், அடுத்த மாதம் இறங்கும். நடுவில் வீட்டை விட்டுப் போகிறவர் அடுத்தவர் சாப்பிடப் போகும் அரிசிக்குக் காசு கொடுத்துவிட்டுப் போவார். மாதக் கடைசி நாள் இரவு இரண்டு பேர் சேர்ந்து டப்பாக்களைத் தராசில் வைத்து எடை போட்டு எழுத வேண்டும். அரை மணி நேர வேலைதான். கண் மதிப்பு வேண்டாம்.

மதியம் பலர் கேன்டீனில் சாப்பிட்டுவிடுவார்கள் என்றால் நாள் கணக்கு பொருந்தாது. அப்போது புள்ளி முறைக்கு மாறுங்கள். காலை 3, மதியம் 4, இரவு 3, ஒரு நாளைக்கு மொத்தம் 10 புள்ளி. சமையலறைக் கதவில் ஒரு மாதத் தாளை ஒட்டி, நாளை எந்த வேளை வேண்டாமோ அதை முந்தின இரவு ஒன்பது மணிக்குள் அடித்துவிட வேண்டும். அடிக்காத வேளை, சாப்பிடாவிட்டாலும் கணக்கில் சேரும். அரிசி களைந்த பிறகு “எனக்கு வேண்டாம்” என்று சொன்னால் செலவு குறையாது, சோறுதான் மிஞ்சும். வார இறுதியில் ஊருக்குப் போகிறவர்களுக்கும் இதே விதி. ஹாஸ்டல்களில் தொடர்ந்து மூன்று நாள் இல்லாவிட்டால்தான் கழிவு என்று வைத்திருப்பார்கள். ஒன்பது பேர் வீட்டுக்கு அவ்வளவு கெடுபிடி தேவையில்லை.

கணக்கு எழுதுகிறவர் வேறு, பணம் வைத்திருப்பவர் வேறாக இருக்க வேண்டும். இதில் மட்டும் விட்டுக்கொடுக்காதீர்கள். பணம் வைத்திருப்பவர் நாணயமானவர்தான் என்றாலும், அவருடைய சொந்த யுபிஐ கணக்கில் வீட்டுப் பணமும் ஸ்காலர்ஷிப்பும் கலந்து கிடந்தால் மூன்றாவது மாதத்தில் அவருக்கே எது யாருடையது என்று தெரியாது. இரண்டு பேர் பெயரில் ஒரு சேமிப்புக் கணக்கு தொடங்கி, வீட்டுப் பணத்தை அதில் மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: பத்துப் பேருக்குச் சமைக்க எவ்வளவு போட வேண்டும்? ஒரு நாள் மிஞ்சுகிறது, ஒரு நாள் பற்றவில்லை.
எம்.எஸ்சி. மாணவி, நாகமலை புதுக்கோட்டை

வயசுப் பிள்ளைகளுக்குச் சோறு என்றால் ஒரு வேளைக்கு ஆளுக்கு 140 கிராம் அரிசி. பத்துப் பேருக்கு 1.4 கிலோ. தினம் ஒரு வேளை சோறு என்றால் மாதத்துக்கு 42 கிலோ ஆகும். கடையில் மூட்டை 26 கிலோவாக இருப்பதைப் பார்த்திருப்பீர்கள். 2022 ஜூலையிலிருந்து 25 கிலோ வரையிலான, லேபிள் ஒட்டிய மூட்டைக்கு ஜிஎஸ்டி வந்ததால், அதைத் தாண்ட ஒரு கிலோ கூட்டிப் போட்டார்கள். விலை ஒப்பிடும்போது மூட்டை விலையைப் பார்க்காமல் கிலோ விலையைப் பாருங்கள்.

சாம்பாருக்கு ஆளுக்கு 35 கிராம் துவரம் பருப்பு, பத்துப் பேருக்கு 350 கிராம். புளி 40 கிராம். சாம்பார்ப் பொடி குவித்து மூன்று மேசைக் கரண்டி. குழம்புக்கும் பொரியலுக்குமாகக் காய் ஒன்றரையிலிருந்து இரண்டு கிலோ. எண்ணெய் மாதம் ஐந்தரை லிட்டருக்குள் அடங்க வேண்டும். ஏழு லிட்டர் ஆகிறதென்றால் யாரோ இரவில் அப்பளம் பொரிக்கிறார்கள்.

இட்லிக்கு நாலுக்கு ஒன்று: ஒரு கிலோ இட்லி அரிசிக்குக் கால் கிலோ முழு உளுந்து, ஒரு டீஸ்பூன் வெந்தயம். நடுத்தரக் குழியில் 60 இட்லி வரை வரும். ஆளுக்கு ஐந்து என்றால் பத்துப் பேருக்குப் போக மிச்சம் இருக்கும். அது மறுநாள் உப்புமாவுக்கு. வீட்டு உபயோக இரண்டு லிட்டர் கிரைண்டரில் இந்த அளவை ஒரே தடவையில் போடாமல், உளுந்தைத் தனியாகவும் அரிசியை இரண்டாகப் பிரித்தும் ஆட்டுங்கள். மொத்தமாகக் கொட்டினால் கல் சுற்றாது, மோட்டார் சூடேறிவிடும். நம்மூர் வெயிலில் ஏப்ரல், மே மாதங்களில் மாவு ஐந்து ஆறு மணி நேரத்தில் பொங்கிவிடும். சாயங்காலம் ஆட்டி வெளியே வைத்துவிட்டுத் தூங்கினால் காலையில் புளித்துப் போயிருக்கும். படுக்கப் போகும் நேரத்தில் ஆட்டுங்கள். மார்கழியில் இதே மாவுக்குப் பத்து மணி நேரம் வேண்டும்.

பருப்பு வேகவில்லை என்று நிறையப் பேர் எழுதியிருக்கிறார்கள். குற்றம் பருப்பின் மேல் இல்லை, போர்த் தண்ணீரின் மேல். உப்புத் தண்ணீரில் இருக்கும் கால்சியம் பருப்புக்குள் இருக்கும் பசையோடு சேர்ந்து அதை இறுக்கிவிடும். பருப்பு வேக வைக்க மட்டும் கேன் தண்ணீர் ஊற்றுங்கள். அரை மணி ஊறவைத்துக் குக்கரில் நாலு விசில் போதும். உப்பும் புளியும் பருப்பு வெந்த பிறகு.

மளிகையை மாதம் ஒரு முறை கீழமாசி வீதி மொத்தக் கடைகளில் வாங்கலாம். பஸ்ஸில் சுமக்க முடியாத அரிசியை மட்டும் பக்கத்துக் கடையில் எடுத்துக்கொள்ளுங்கள். காய்க்கு வாரம் ஒரு தடவை உழவர் சந்தை. தமிழ்நாட்டின் முதல் உழவர் சந்தை 1999 நவம்பர் 14-ல் மதுரை அண்ணா நகரில்தான் தொடங்கியது. ஆனால் அது உங்களுக்கு ஊரின் மறு கோடி, பழங்காநத்தம் சந்தைதான் பக்கம். விடிகாலையில் போய்விட வேண்டும். வெண்டை, கீரை முதல் இரண்டு நாளுக்கு. கத்தரி, அவரை அடுத்த இரண்டு நாளுக்கு. பூசணி, சேனை, வாழைக்காய் கடைசிக்கு. இந்த வரிசையில் சமைத்தால் பிரிட்ஜ் இல்லாமலும் ஒரு வாரம் ஓட்டலாம்.

கேள்வி: கேஸ் இணைப்பு யார் பெயரில் எடுப்பது? வெளியூர்க்காரர்களுக்குக் கிடைக்குமா?
இளங்கலை மாணவர், அச்சம்பத்து

வாடகை ஒப்பந்தத்தை முகவரிச் சான்றாகக் காட்டி உங்களில் ஒருவர் பெயரில் 14.2 கிலோ வீட்டு இணைப்பு எடுக்கலாம். படிப்பு முடிய அதிக காலம் இருப்பவர் பெயரில் எடுங்கள். பத்துப் பேருக்கு இரண்டு வேளை சமைத்தால் தினம் 700, 800 கிராம் கேஸ் ஆகும். சிலிண்டர் பதினெட்டு, இருபது நாளைக்கு வரும். நடுவில் தீர்ந்தால் கைகொடுக்க 5 கிலோ சிறிய சிலிண்டர் ஒன்று இருக்கட்டும். அடையாள அட்டை மட்டும் காட்டி வாங்கலாம், உள்ளூர் முகவரி கேட்க மாட்டார்கள். விலை அதிகம், ஆறு நாளைக்குத்தான் வரும். அதனால் அவசரத்துக்கு மட்டும்.

சிலிண்டர் வாங்கும்போது மேல்பிடி வளையத்தின் உள்பக்கம் எழுதியிருப்பதைப் படியுங்கள். ஏ, பி, சி, டி என்பது ஆண்டின் நான்கு காலாண்டுகள். சி–27 என்றிருந்தால் 2027 செப்டம்பருக்குள் அடுத்த சோதனைக்குப் போக வேண்டிய சிலிண்டர். தேதி கடந்ததைத் திருப்பி அனுப்புங்கள். ஐஎஸ்ஐ முத்திரை உள்ள டியூபை ஐந்து ஆண்டுக்கு ஒரு முறை மாற்ற வேண்டும். பழைய குடித்தனக்காரர் விட்டுப்போன டியூபை அப்படியே மாட்டாதீர்கள். கேஸ் காற்றைவிடக் கனமானது, தரையில்தான் தேங்கும். அதனால் சிலிண்டரை மூடிய அலமாரிக்குள் வைக்காமல், அடுப்பைவிடத் தாழ்வாக நிமிர்த்தி வையுங்கள். வாடை வந்தால் சுவிட்ச் எதையும் தொடாமல் ரெகுலேட்டரை மூடி, கதவு ஜன்னலைத் திறந்துவிட்டு, வெளியே வந்து 1906-க்குப் போன் செய்யுங்கள். ஒழுகுகிறதா என்று பார்க்கச் சோப்புத் தண்ணீர் போதும், தீக்குச்சி கூடவே கூடாது.

கேள்வி: எட்டுப் பேர் வீட்டில் கரண்ட் பில் ஒரு தடவை நியாயமாக வருகிறது, அடுத்த தடவை ஒன்றரை மடங்காகிவிடுகிறது. ஏசி எதுவும் இல்லை. மீட்டர் கோளாறாக இருக்குமா?
பி.எட். மாணவர், நாகமலை புதுக்கோட்டை

மீட்டர் சரியாகத்தான் இருக்கும். நீங்கள் 500 யூனிட் கோட்டின் மேல் ஏறி இறங்கிக்கொண்டிருக்கிறீர்கள். வீட்டு இணைப்பில் இரண்டு மாதத்துக்கு முதல் 100 யூனிட் இலவசம். மொத்தம் 500-க்குள் இருந்தால் 101 முதல் 200 வரை மலிவு விலை. 500-ஐ ஒரு யூனிட் தாண்டினாலும் அந்த மலிவு விலை போய், அந்த நூறு யூனிட்டுக்கும் அடுத்த படியின் விலை விழும். 500-க்கு மேலே போகிற யூனிட்டுகளின் விலை இன்னும் அதிகம்.

உங்கள் வீட்டைக் கூட்டிப் பார்ப்போம். 75 வாட் சீலிங் ஃபேன் ஐந்து, தினம் 14 மணி நேரம்: 5.25 யூனிட், இரண்டு மாதத்துக்கு 315. பிரிட்ஜ் 65. ஒரு குதிரைத்திறன் மோட்டார் தினம் ஒரு மணி நேரம் ஓடினால் 45. விளக்கு, லேப்டாப், போன் சார்ஜ் 60. மிக்ஸி, கிரைண்டர் 15. கூட்டினால் சரியாக 500. இதற்கு மேல் 1,000 வாட் அயர்ன் பாக்ஸ் தினம் அரை மணி ஓடினால் 30 யூனிட், கோட்டைத் தாண்டியாயிற்று.

ஃபேனில்தான் கை வைக்க வேண்டும். குறைந்த கரண்டில் ஓடும் 30 வாட் பிஎல்டிசி ஃபேன் ஐந்து போட்டால் 315 என்பது 126 ஆகிவிடும். விலை கூடுதல்தான், ஆனால் போகும்போது கழற்றிக்கொண்டு போகலாம். பழைய ஃபேனைப் பத்திரமாக வைத்திருந்து திரும்ப மாட்டிக் கொடுங்கள். ஐந்தும் முடியாவிட்டால் இரவெல்லாம் ஓடுகிற இரண்டை மட்டும் மாற்றுங்கள்.

வீட்டுக்காரர் தன் மீட்டரிலிருந்து கிளை மீட்டர் போட்டு யூனிட்டுக்கு இவ்வளவு என்று வசூலித்தால், இலவச 100 யூனிட்டும் மலிவுப் படியும் உங்களுக்குக் கிடைக்காது. தனி இணைப்பு உள்ள வீடாகப் பாருங்கள். இணைப்பு எண்ணை வாங்கிப் பில்லை நீங்களே ஆன்லைனில் கட்டி, ரசீதைச் சேர்த்து வையுங்கள். புதிதாக ஆள் வந்தாலும் போனாலும் அன்றைய மீட்டர் எண்ணைப் போனில் படம் எடுத்து வைத்துக்கொண்டால் பங்கு போடுவது சுலபம்.

கேள்வி: தண்ணீர்த் தொட்டியில் வாடை வருகிறது.
வாசகர், வடபழஞ்சி

மூன்று மாதத்துக்கு ஒரு முறை வடித்துவிட்டு, அடியில் படிந்த சேற்றை வாரி, பிளாஸ்டிக் நார்ப் பிரஷால் தேய்த்துக் கழுவுங்கள். நிரப்பிய பிறகு 1,000 லிட்டருக்கு 2.5 கிராம், அதாவது ஏறக்குறைய அரை டீஸ்பூன், நல்ல பிளீச்சிங் பவுடரை ஒரு வாளித் தண்ணீரில் கரைத்துத் தெளியவிட்டு, தெளிந்த நீரை மட்டும் தொட்டியில் ஊற்றுங்கள். ஒரு மணி நேரம் குழாயைத் திறக்காதீர்கள். திறந்த பாக்கெட்டில் மாதக் கணக்கில் கிடந்த பவுடரில் குளோரின் போயிருக்கும், போட்டும் பயனில்லை. தொட்டி மூடி சரியாக மூடவில்லை என்றால் அது கொசுப் பண்ணை, வலை கட்டுங்கள்.

கேள்வி: வேலை பங்கீட்டில்தான் எங்களுக்குள் தகராறு. தினம் ஒருவர் முறை என்று போட்டுப் பார்த்தோம், ஒரு மாதம்கூட ஓடவில்லை.
ஆய்வு மாணவி, நாகமலை புதுக்கோட்டை

தினமுறை எங்குமே ஓடாது. நேற்றைய ஆள் விட்டுப்போன கடாயை இன்றைய ஆள் விளக்க மாட்டார். நாளைக்கு இரண்டு கடாய். வேலையை வாரக் கணக்கில் ஒரே ஆள் பொறுப்பில் விடுங்கள்.

முதலில் வீட்டில் மொத்தம் எவ்வளவு வேலை என்று கூட்டுங்கள். காலையும் இரவும் ஒன்றரை மணி நேரம், இரண்டிரண்டு பேர் சமைத்தால் நாளைக்கு 6 மணி, வாரம் 42. பொதுப் பாத்திரம் தினம் ஒரு மணி, வாரம் 7. குளியலறை, கக்கூஸ் 2. சந்தைக்குப் போய்வர 3. கணக்கு 1. மொத்தம் 55 மணி. ஒன்பது பேருக்குப் பிரித்தால் ஆளுக்கு வாரம் ஆறு மணி நேரம் சொச்சம். அமெரிக்காவின் பெர்க்லியில் 1933 முதல் நடந்துவரும் மாணவர் கூட்டுறவு விடுதிகளில் வாரம் ஐந்து மணி நேர வேலை என்று வைத்திருக்கிறார்கள். நீங்களும் ஏறக்குறைய அங்கேதான் வந்து நிற்கிறீர்கள்.

இந்த ஆறு மணியை அவரவர் விருப்பப்படி எடுக்கலாம். சமைக்கத் தெரியாதவர் நாலு வாரமும் பாத்திரத்தையும் சந்தையையும் எடுத்துக்கொள்ளட்டும். கக்கூஸ் கழுவும் ஒரு மணியை இரண்டு மணியாக எண்ணுங்கள், ஆள் தானாகக் கிடைக்கும். அவரவர் தட்டு, டம்ளர் அவரவரே உடனே கழுவ வேண்டும், அது இந்தக் கணக்கில் சேராது. பரீட்சை வாரத்தில் வேலையைக் கடன் வைக்கலாம், ஆனால் பத்து மணி நேரத்துக்கு மேல் பாக்கி ஏறக் கூடாது.

அபராதம் மட்டும் வேண்டாம். வேலை செய்யாததற்கு ஐம்பது ரூபாய் என்று வைத்தால், வசதியுள்ள வீட்டுப் பிள்ளை ஐம்பதைக் கொடுத்துவிட்டுப் படுத்துக்கொள்வார். மற்றவர்கள் அவருக்கு வேலைக்காரர்களாகிவிடுவார்கள்.

கேள்வி: வீட்டுக்காரர் வாடகைக்குப் பதில் ஒத்திக்குத் தருகிறேன் என்கிறார். ஆளுக்குக் கொஞ்சம் போட்டு மொத்தமாகக் கொடுத்துவிட்டால் இரண்டு வருடம் வாடகையே இல்லை. நல்ல யோசனைதானே?
முதுகலை மாணவர், அச்சம்பத்து

மாணவர்களுக்கு நல்ல யோசனை இல்லை. ஒத்தி என்பது அடமானம். நூறு ரூபாயும் அதற்கு மேலும் உள்ள இப்படியான அடமானத்தைப் பதிவு செய்த பத்திரத்தின் மூலம்தான் செய்ய முடியும் என்று 1882-ஆம் ஆண்டின் சொத்து மாற்றுச் சட்டம் சொல்கிறது. பெரும்பாலும் நடப்பதோ, முத்திரைத் தாளில் எழுதிக் கையெழுத்து வாங்குவதோடு சரி. வீட்டின் மேல் வங்கிக் கடன் இருந்து அது நிலுவையில் போனால், வங்கிதான் முதலில் வரும். பதிவுத்துறை இணையதளத்தில் வில்லங்க விவரத்தைக் கட்டணமில்லாமல் பார்க்கலாம், அதையாவது பாருங்கள்.

இன்னொன்று, ஒத்திப் பணத்தை வீட்டுக்காரர் பெட்டியில் வைத்திருக்க மாட்டார். அடுத்த ஒத்திக்காரர் வந்தால்தான் உங்களுக்குத் திரும்பக் கிடைக்கும். படிப்பு முடிந்து எட்டுப் பேரும் எட்டு ஊருக்குப் போன பிறகு அந்தப் பணத்துக்காக யார் மதுரைக்கு நடையாய் நடப்பது?

கேள்வி: நடுவில் ஒருவர் விலகினால் அவர் பங்கை எப்படிக் கொடுப்பது? மே மாதம் எல்லாரும் ஊருக்குப் போய்விட்டால் அந்த வாடகை யாருடையது? கடைசியில் வீட்டுக்காரர் பெயின்ட் அடிக்க என்று அட்வான்ஸில் பிடித்துக்கொள்கிறாரே?
மூன்று வாசகர்கள்

ஒவ்வொன்றாகப் பார்ப்போம். அட்வான்ஸ் 36,000, எட்டுப் பேர் என்றால் ஆளுக்கு 4,500. விலகுகிறவருக்கு இதைப் புதிதாக வருகிறவர் கொடுக்க வேண்டும். வீட்டின் பொதுப் பணத்தில் கை வைக்கக் கூடாது. பாத்திரம், கிரைண்டர், அடுப்புக்கு முதலில் போட்டது 24,000 என்றால் ஆளுக்கு 3,000. ஆண்டுக்கு மூன்றில் ஒரு பங்கு தேய்மானம் என்று எழுதிவைத்துக்கொள்ளுங்கள். ஒரு வருடம் கழித்துப் போகிறவருக்கு 2,000, இரண்டு வருடத்தில் 1,000, அதன் பிறகு ஒன்றுமில்லை. புதியவரும் அதே தொகையைக் கொடுத்து உள்ளே வருவார். பொருளாக யாரும் எடுத்துக்கொண்டு போகக் கூடாது. “மிக்ஸி நான் வாங்கினது” என்ற பேச்சு வராமல் இருக்க, வாங்கும் நாளிலேயே எல்லாம் பொதுக் காசில் வாங்குங்கள். விலக ஒரு மாத முன்னறிவிப்பு. ஆள் கிடைக்கும் வரை, அதிகபட்சம் இரண்டு மாதம், போகிறவர் வாடகைப் பங்கைத் தர வேண்டும்.

மே மாத வாடகை எல்லாருக்கும் சமம், ஊரில் இருந்தாலும். இதை ஜூன் மாதமே சொல்லிவிடுங்கள். ஏப்ரலில் சொன்னால் சண்டை. கடைசி வருட மாணவர்கள் மே 31 வரை என்றும், அவர்கள் இடத்துக்கு வருகிறவர்கள் ஜூன் 1 முதல் என்றும் வைத்துக்கொண்டால் குழப்பம் இல்லை.

அட்வான்ஸ் விஷயத்தில் சட்டம் உங்கள் பக்கம். வேறு விதமாக ஒப்பந்தம் எழுதியிருந்தால் ஒழிய, மூன்று மாத வாடகைக்கு மேல் முன்பணம் வாங்கக் கூடாது. வீட்டைக் காலி செய்த ஒரு மாதத்துக்குள், உங்கள் பாக்கி இருந்தால் கழித்துக்கொண்டு, திருப்பித் தர வேண்டும். சுவருக்கு வெள்ளையடிப்பது, கதவு ஜன்னலுக்குப் பெயின்ட், குழாய் மாற்றுவது, வயரிங் வேலை ஆகியவை உரிமையாளர் பொறுப்பு. குழாய் வாஷர், சுவிட்ச், பூட்டு, உடைந்த கண்ணாடி, சாக்கடை அடைப்பு உங்கள் பொறுப்பு. ஒப்பந்தத்தில் இதற்கு மாறாக “காலி செய்யும்போது பெயின்ட் செலவு குடியிருப்போர் தர வேண்டும்” என்று எழுதி நீங்களும் கையெழுத்துப் போட்டிருந்தால் பேச்சு மாறிவிடும். அந்த வரியைத் தேடிப் படியுங்கள். குடிபோகும் அன்றே ஒவ்வொரு அறையின் சுவரையும் பாத்திரத் தொட்டியையும் படம் எடுத்து வீட்டுக்காரருக்கும் அனுப்பிவிடுங்கள். பழைய கறைக்கு உங்களிடம் காசு கேட்க முடியாது.

கேள்வி: ஐயா, என் மகள் ஹாஸ்டலை விட்டுவிட்டு நாலு தோழிகளோடு வீடு எடுக்கிறேன் என்கிறாள். மனசு ஒப்பவில்லை. எது பாதுகாப்பு?
ஒரு தாய், உசிலம்பட்டி

அம்மா, பெயரைப் பார்த்து முடிவு செய்யாதீர்கள், இடத்தைப் பார்த்து முடிவு செய்யுங்கள். தனியார் பெண்கள் விடுதி என்றால் 2014-ஆம் ஆண்டின் தமிழ்நாடு விடுதிகள் சட்டப்படி மாவட்ட ஆட்சியரிடம் உரிமம் வாங்கியிருக்க வேண்டும். உரிமத்தைக் காட்டச் சொல்லுங்கள். தயங்கினால் திரும்பி வந்துவிடுங்கள். 2024 செப்டம்பரில் மதுரை கட்ராபாளையத்துப் பெண்கள் விடுதி ஒன்றில் பிரிட்ஜிலிருந்து பரவிய தீயில் உயிர்கள் போயின. விடுதியோ வீடோ, வெளியேறும் வழியிலோ படிக்கட்டின் கீழோ பிரிட்ஜ், சிலிண்டர் இருக்கக் கூடாது. பிரிட்ஜை எக்ஸ்டென்ஷன் பாக்ஸில் மாட்டக் கூடாது. இரும்புக் கிராதி பூட்டினால் சாவி உள்ளேயே, எல்லாருக்கும் தெரிந்த ஆணியில் தொங்க வேண்டும்.

தனி வீடு என்றால் வீட்டுக்காரர் குடும்பம் அதே கட்டிடத்திலோ எதிரிலோ இருக்கும் வீடாகப் பாருங்கள். ஒப்பந்தத்தில் ஐந்து பேர் பெயரும், ஐந்து பெற்றோரின் எண்ணும் இருக்கட்டும். வீட்டுக்காரர் உள்ளே வருவதற்கு 24 மணி நேரம் முன்பே சொல்ல வேண்டும் என்று சட்டம் இருக்கிறது, மகளிடம் சொல்லிவையுங்கள். பெண்கள் உதவி எண் 181. மற்றபடி நாலு தோழிகளின் அம்மாக்களோடு ஒரு தடவை போனில் பேசிவிடுங்கள்; ஒப்பந்தம் சொல்லாததெல்லாம் அதில் தெரிந்துவிடும்.

கேள்வி: இப்படி வீட்டை நடத்தச் சங்கமாகப் பதிவு செய்ய வேண்டுமா?
இளங்கலை மாணவர், நாகமலை புதுக்கோட்டை

வேண்டாம். ஏழு பேர் இருந்தால் 1975-ஆம் ஆண்டின் சங்கங்கள் சட்டத்தில் பதிவு செய்ய முடியும். ஆனால் ஆண்டுதோறும் பொதுக்குழு, தணிக்கைக் கணக்கு என்று தாக்கல் செய்துகொண்டிருக்க வேண்டும். ஒரு வீட்டுக்கு நோட்டுப் புத்தகம் போதும். மூன்று நாலு வீடுகள் சேர்ந்து மொத்தமாக அரிசி வாங்க, ஆள் மாற்றிக்கொள்ள என்று வளரும்போது யோசியுங்கள்.

கேள்வி: ஒன்பது பேரில் மூன்று பேர் சைவம். ஞாயிற்றுக்கிழமை கறிக் கணக்கை எப்படி வைப்பது?
எம்.ஏ. மாணவர், வடபழஞ்சி

கறி, மீன், முட்டை மூன்றும் மெஸ் கணக்கில் சேரவே கூடாது. சாப்பிடுகிற ஆறு பேர் அன்றைக்கே தங்களுக்குள் பிரித்துக்கொள்ள வேண்டும். ஆட்டுக்கறி என்றால் எலும்போடு ஆளுக்கு 150 கிராம், ஆறு பேருக்கு ஒரு கிலோ எடுத்தால் சரியாக இருக்கும். கோழி 200 கிராம். சோறும் எண்ணெயும் பொதுவிலிருந்து எடுத்துக்கொள்ளலாம், அதற்கு ஈடாகச் சைவக்காரர்களுக்கு அன்று ஒரு பனீரோ காளானோ பொதுச் செலவில். குழம்புச் சட்டி, கரண்டி, ஒரு அரிவாள்மனை மட்டும் தனியாக வைத்து, அதை விளக்கும் பொறுப்பு சாப்பிட்டவர்களுக்கு. எலும்பை வாசல் குப்பைத் தொட்டியில் போட்டால் இரவெல்லாம் தெரு நாய்கள் அங்கேதான். கட்டி வைத்து, காலையில் குப்பை வண்டி வரும்போது நேராகக் கொடுத்துவிடுங்கள்.